முதல் கொடுத்தவர் எதைப் பார்த்துக் கொடுத்தார்?

சென்ற ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து மாணவர்கள் கிதாபுகளை விரித்துக்கொண்டிருந்த நேரத்தில், உக்கடத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவரும் அவருடைய தங்கை மகனும் நம்மைத் தேடி மதரஸாவுக்கு வந்தனர். இளைஞருக்கு வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. உக்கடம் மீன் மார்க்கெட்டில் நாள்தோறும் வெட்டி ஒதுக்கப்படும் செதில், செவுள், தலை, துடுப்பு ஆகியவற்றை விடியலுக்கு முன்னரே சேகரித்து உரமாக்கி, காய்கறி பயிரிடும் விவசாயிகளுக்கு விற்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதற்காகத் தம் தாய்மாமனிடம் இரண்டு லட்சம் ரூபாய் முதல் கேட்டிருந்தார்.

"ஹஜ்ரத், நாறுற மீன் கழிவ அள்ளிப் பொழைக்கறேங்கறான். வீட்டுல எல்லாரும் சிரிக்கறாங்க. வட்டி இல்லாம, லாபத்துல பங்குன்னு பேசிக் கொடுத்தாக் கூடுமான்னு சொல்லுங்க. கொடுக்கலாமான்னும் நீங்களே சொல்லிருங்க" என்றார் பெரியவர்.

"ரெண்டாவது கேள்விய எங்கிட்டக் கேளுங்க மாமா" என்று தலை குனிந்தவாறே சொன்னார் இளைஞர்.

முதல் கேள்விக்கு விடை கூற நமக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது. (செத்த மீன் சுத்தமானது என்பதை முதலாம் ஆண்டு மாணவனும் அறிவான், ஆகவே கழிவு பற்றிய ஐயம் எழவில்லை.) இரண்டாவது கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவைத்தோம். அந்த ஒரு வாரத்தில் பழைய கிதாபுகளையும் நம் வட்டாரத்தின் தொழில் வரலாற்றையும் புரட்டியபோது கண்டவற்றையே இங்கு எழுதுகின்றோம். எவரும் நம்பாத ஒரு யோசனைக்கு முதல் கொடுத்தவர்கள் எதைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்பதே நம் தேடலாயிருந்தது.

முளாரபா என்னும் ஒப்பந்தத்தை நம் வாசகர்கள் அறிவர். ஷாஃபிஈ நூல்களில் அது கிராள் என்னும் பெயரில் வரும். ஒருவர் முதல் கொடுப்பார். மற்றவர் உழைப்பைக் கொடுப்பார். லாபம் வந்தால் முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்வர். நஷ்டம் வந்தால் பணம் போவது முதலாளிக்கு. உழைத்தவருக்குப் போவது உழைப்பு. உழைத்தவர் மோசடியோ அலட்சியமோ செய்யாதவரை அவரிடம் முதலைத் திருப்பிக் கேட்க முடியாது. இஸ்லாத்துக்கு முன்பே மக்காவாசிகளிடம் இருந்த வழக்கம் இது. மார்க்கம் அதை நிலைநிறுத்தியது.

இந்தச் சட்டத்தை இருபது ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வருகின்றோம். ஆயினும் அதன் ஒரு விளைவை நாம் நின்று யோசித்ததில்லை. வட்டிக்குக் கொடுப்பவர் கடன் கேட்டு வந்தவரின் யோசனையை ஆராய வேண்டியதில்லை. நிலப்பத்திரம் இருக்கிறதா, கழுத்துச் சங்கிலி எத்தனை பவுன் என்று பார்த்தால் அவருக்குப் போதும். யோசனை வென்றாலும் தோற்றாலும் அவருடைய பணம் திரும்பும். முளாரபாவில் முதல் கொடுப்பவர் அவ்வாறு கண்ணை மூடிக்கொள்ள இயலாது. தொழில் தோற்றால் தோற்பது அவருடைய பணம். ஆகவே அவர் ஆளைப் படித்தாக வேண்டும், தொழிலைப் படித்தாக வேண்டும், எவ்வளவு இழந்தால் தம்மால் தாங்க முடியும் என்பதையும் கணக்கிட்டாக வேண்டும்.

அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வரலாற்றை இந்தக் கண்ணோடு மீண்டும் வாசித்தோம். மக்காவின் செல்வச் சீமாட்டியான அவர்கள் தாமே பயணம் செய்யாமல், ஆடவரை அமர்த்தி, லாபத்தில் பங்கு கொடுத்து ஷாம் தேசத்துக்குச் சரக்கு அனுப்பி வந்தார்கள். அண்ணலார் (ஸல்) அவர்களுக்கு அப்போது சுமார் இருபத்தைந்து வயது. தந்தையை இழந்தவர், சொந்தமாக முதல் இல்லாதவர். அவர்களின் வாய்மையையும் அமானிதம் பேணும் குணத்தையும் கேள்வியுற்ற அன்னையார், மற்றவருக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலான பங்கு தருவதாகச் சொல்லியனுப்பினார்கள். இதுவரை நாம் ஒவ்வொரு ரபீவுல் அவ்வல் மேடையிலும் சொல்வதுதான்.

ஆனால் அன்னையார் இன்னொன்றும் செய்தார்கள். தம் பணியாளர் மைஸராவை உடன் அனுப்பினார்கள். புஸ்ரா வரை சென்று, விற்று, வாங்கி, திரும்பிய பயணம் முழுவதையும் மைஸரா அருகிலிருந்து கண்டார். திரும்பியதும் கண்டதைச் சொன்னார். நற்பெயரைக் கேட்டு முடிவெடுத்தவர், அந்நற்பெயரைத் தம் ஆளின் கண்ணாலும் பார்க்க ஏற்பாடு செய்தார். நம்பிக்கையும் விசாரணையும் ஒரே உள்ளத்தில் குடியிருந்தன. "நம்பிக் கொடுத்தேன், ஏமாற்றிவிட்டான்" என்று நம்மிடம் வந்து புலம்புவோரிடம், உங்கள் மைஸரா யார் என்று கேட்க வேண்டும்போல் தோன்றுகிறது.

அன்னையாரின் சகோதரர் மகனான ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களும் பெயர்பெற்ற வணிகர். அவர்கள் முளாரபாவுக்குப் பணம் கொடுக்கும்போது விதித்த நிபந்தனைகள் ஹதீஸ் தொகுப்புகளில் பதிவாகியுள்ளன. என் பணத்தைக் கொண்டு உயிருள்ள பிராணிகளை வாங்காதே, கடலில் ஏற்றிச் செல்லாதே, வெள்ளம் பாயும் பள்ளத்தாக்கில் இறங்கித் தங்காதே, மீறினால் பொறுப்பு உன்னுடையது என்பது அவற்றின் சாரம். இந்நிபந்தனைகளில் எதுவும் லாபத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு சம்பாதித்துத் தா என்று அவர்கள் கேட்கவில்லை. ஒரே இரவில் மொத்த முதலையும் அழிக்கக்கூடியவை எவை என்று பார்த்து, அந்த வாசல்களை மட்டும் அடைத்தார்கள். எஞ்சிய பாதை முழுவதையும் உழைப்பவரின் திறமைக்கு விட்டுவிட்டார்கள்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் கிராள் பாடம் ஒரு சுவையான நிகழ்ச்சியோடு தொடங்குகிறது. உமர் (ரலி) அவர்களின் புதல்வர்கள் அப்துல்லாஹ்வும் உபைதுல்லாஹ்வும் இராக்கிலிருந்து திரும்பும்போது, பஸ்ராவின் ஆளுநர் அபூ மூஸா (ரலி) அவர்கள் மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பொதுப்பணத்தை அவர்களிடம் கடனாகக் கொடுத்து, சரக்கு வாங்கி விற்று, முதலைக் கலீஃபாவிடம் ஒப்படைத்துவிட்டு லாபத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். லாபமும் வந்தது. கலீஃபா, படையிலிருந்த எல்லோருக்கும் இவ்வாறு கொடுத்தாரா என்று கேட்டு, லாபத்தையும் பொதுநிதியில் சேர்க்கச் சொன்னார்கள். அப்துல்லாஹ் வாய் திறக்கவில்லை. உபைதுல்லாஹ் மட்டும், பணம் குறைந்திருந்தாலோ அழிந்திருந்தாலோ நாங்கள்தானே ஈடு செய்திருப்போம் என்று வாதிட்டார். இறுதியில் அவையிலிருந்த ஒருவரின் யோசனைப்படி அது கிராளாக்கப்பட்டு, லாபத்தில் பாதி பொதுநிதிக்கும் பாதி புதல்வர்களுக்கும் சென்றது. இழப்பைச் சுமக்கத் தயாராயிருந்தவருக்கே லாபத்தில் உரிமை உண்டு என்னும் உபைதுல்லாஹ்வின் வாதத்தைக் கலீஃபாவாலும் முற்றாகத் தள்ள முடியவில்லை.

இவ்வொப்பந்தம் நம்மவரோடு நின்றுவிடவில்லை. கெய்ரோவின் பழைய யூத ஆலயம் ஒன்றின் அறையில் கிடைத்த ஆயிரமாண்டுப் பழைமையான வணிகக் கடிதங்களில், யூத வணிகர்கள் தங்கள் சொந்த முறையை விட்டுவிட்டு முஸ்லிம்களின் கிராளைக் கைக்கொண்டதற்குச் சான்றுகள் உள்ளன. அவர்களுடைய முறையில் பாதித் தொகை கடனாகக் கருதப்பட்டது. உழைப்பவர் பாதி நஷ்டத்தைச் சுமக்க வேண்டும். கிராளில் அச்சுமை இல்லை. இத்தாலிய நகரங்களில் கடல் வணிகத்தை வளர்த்த கமெண்டா என்னும் ஒப்பந்தத்துக்கும் கிராளுக்கும் உள்ள ஒற்றுமையை உடோவிச் போன்ற வரலாற்றாசிரியர்கள் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளனர்.

தூர தேசத்துக் கதைகள் நிற்கட்டும். கோவையிலிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் திருப்பூர். அந்நகரின் முதல் பனியன் ஆலையைத் தொடங்கியவர் குலாம் காதர் என்னும் முஸ்லிம் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? பேபி நிட்டிங் என்பது அதன் பெயர். 1925-ஆம் ஆண்டை அதன் தொடக்கமாகப் பலரும் குறிக்கின்றனர். கையால் சுழற்றும் பின்னல் இயந்திரங்களைக் கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்தார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

அன்றைய கண்ணால் அதைப் பார்ப்போம். பனியன் தொழிலின் தலைநகரம் கல்கத்தா. திருப்பூரோ பஞ்சுச் சந்தை நடக்கும் சிற்றூர். பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி நம் வட்டாரத்துக்கு மின்சாரம் வந்ததே 1932-இல்தான். ஆகவே மின்சாரம் வராத ஊரில், பயிற்சி பெற்ற தொழிலாளர் இல்லாத இடத்தில், உழவரும் கூலிகளும் வெற்றுடம்போடு வேலை செய்த காலத்தில், உள்ளாடை பின்னும் இயந்திரத்தை ஒருவர் இறக்குகிறார். அவர் நம்மிடம் வந்து முதல் கேட்டிருந்தால் நாம் கொடுத்திருப்போமா? துஆச் செய்து அனுப்பியிருப்போம்.

இருந்தும் அந்த யோசனை பிழைத்தது. ஏன் என்று யோசிக்கையில் இரண்டு செய்திகள் புலப்படுகின்றன. கையியந்திரம் சிறியது, தோற்றாலும் குடும்பம் தெருவுக்கு வராது. பஞ்சு வாசலிலேயே கிடந்தது. இல்லாதவற்றைப் பட்டியலிட்டவர்களுக்கு யோசனை பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும். ஆனால் இல்லாதவற்றில் பல, காலம் கொண்டுவந்து சேர்க்கக்கூடியவை. மின்சாரம் வந்தது. சேலத்திலும் மதுரையிலும் பனியன் ஆலைகளில் நீண்ட வேலைநிறுத்தங்கள் நிகழ, தொழில் திருப்பூரை நோக்கி நகர்ந்தது. 1942-இல் 34 ஆலைகள், 1961-இல் 230. ஒரு யோசனையின் குறை காலத்தால் தீரக்கூடியதா, எக்காலத்திலும் தீராததா என்பதைப் பிரித்தறிவதில்தான் முதல் கொடுப்பவரின் அறிவு இருக்கிறது என்று நமக்குப் படுகிறது. பாலைவனத்தில் மீன் பிடிக்கப் போகிறேன் என்பவனுக்கும், பாதை போடப்படாத ஊரில் கடை வைக்கப் போகிறேன் என்பவனுக்கும் உள்ள வேறுபாடு அது.

அதன்பின் அவ்வூரில் முதல் எவ்வாறு கைமாறியது என்பதை ஷரத் சாரி என்னும் ஆய்வாளர் 2004-இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்துள்ளார். கிராமங்களிலிருந்து கூலிகளாக வந்த கவுண்டர் சமூகத்து இளைஞர்கள் பனியன் கம்பெனிகளில் கட்டிங், தையல் என்று ஒவ்வொரு வேலையையும் கையால் கற்று, பின் கூட்டாளிகளாகி, தாமே கம்பெனி உரிமையாளர்களாயினர் என்பது அவர் கண்டது. உறவினரும் ஊர்க்காரரும் பணம் போட, தொழில் தெரிந்தவர் வொர்க்கிங் பார்ட்னராக உழைப்பைப் போடுவார். முளாரபா என்னும் சொல்லை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வட்டியும் வங்கிக் கடனும் அங்கே தாராளமாகவே புழங்கின. அதை மறைத்து அழகுபடுத்த நாம் விரும்பவில்லை. ஆனால் அந்தப் பணக்காரர் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள். பல ஆண்டுகள் பக்கத்து மேசையில் நின்று துணி வெட்டியவனை. மாலையில் கணக்கைச் சரியாக ஒப்படைத்தவனை. இயந்திரம் நின்றால் தானே படுத்துக் கழற்றியவனை. எழுத்தில் காட்ட அவனிடம் ஒன்றுமில்லை. பார்த்தவர்களிடம் நிறைய இருந்தது.

1978-இல் வெரோனா என்னும் இத்தாலிய வணிகர் மும்பை ஏற்றுமதியாளர் வழியாகத் திருப்பூருக்கு வந்து வெள்ளை டி-சட்டை கேட்டபோதும் இதே கதைதான். உள்ளூர்ச் சந்தைக்கு வெள்ளைப் பனியன் செய்து பழகிய ஊர், ஐரோப்பியர் வெளியே அணியும் சட்டையைத் தைக்க முடியும் என்று நம்பியவர் சிலரே. 1981-இல் சி அண்ட் ஏ நிறுவனம் வந்தது. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. இன்று ஆண்டுதோறும் முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி நடக்கிறது. குலாம் காதரின் ஊரில் நம்மவர் இப்போது எத்தனை பேர் முதலாளி நாற்காலியில் இருக்கின்றனர் என்ற கேள்வி நெஞ்சில் எழாமலில்லை.

கோவையிலேயே நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. முருகானந்தம் அவர்களை இன்று உலகம் அறியும். திருமணமான புதிதில், மாதவிலக்கு நாட்களில் தம் மனைவி பழந்துணியைப் பயன்படுத்துவதைக் கண்டு, மலிவான நாப்கின் செய்ய முனைந்தவர் அவர். சோதித்துப் பார்க்கப் பெண்கள் எவரும் முன்வராததால், கால்பந்தின் உட்பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பித் தாமே கட்டிக்கொண்டு நடந்தார். ஊர் அவரைப் பித்தன் என்றது. மனைவியும் தாயும் விலகிச் சென்றனர். கடைகளில் விற்கும் நாப்கினின் உள்ளே இருப்பது வெறும் பஞ்சன்று, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெரிய நிறுவனங்களின் இயந்திரம் சில கோடி ரூபாய் விலை. அவர் உருவாக்கியது சுமார் 65,000 ரூபாய். 2006-இல் சென்னை ஐஐடியின் போட்டியில் முதலிடம் பெற்றது. 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இயந்திரத்தைப் பெரு நிறுவனங்களுக்கு விற்காமல் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கே கொடுத்தார்.

பணமுள்ளோர் ஏன் அந்தத் தேவையைக் காணவில்லை? பணம் பெரும்பாலும் ஆண்களின் கையில் இருந்தது. அந்தத் தேவை அவர்களுடையதன்று. நாம் மதரஸாவில் ஹைளுப் பாடத்தை வாரக்கணக்கில் ஓதிக்கொடுக்கின்றோம். குறைந்த கால அளவு, கூடிய கால அளவு, நிறங்கள் என்று ஒரு மஸ்அலா விடாமல் விளக்குகின்றோம். ஆயினும் அந்நாட்களில் ஓர் ஏழைப் பெண் எதைக் கொண்டு சமாளிக்கிறாள் என்ற கேள்வி இத்தனை ஆண்டுகளில் நம் வகுப்பில் ஒருமுறைகூட எழுந்ததில்லை. ஆகவே ஒரு யோசனையைக் கேட்டு நமக்குச் சிரிப்பு வரும்போது, அந்தப் பொருள் யாருக்கு வேண்டுமோ அவர் சிரிக்கிறாரா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. மீன் கழிவு உரத்தைக் கேட்டுச் சிரித்த வீட்டார் எவரும் விவசாயிகளல்லர்.

இக்காலத்தில் இதையே தொழிலாகச் செய்பவர்களும் இருக்கின்றனர். புதிய நிறுவனங்களுக்கு முதல் கொடுத்துப் பங்கு பெறும் முறையை அமெரிக்காவில் ஒழுங்காக நிறுவியவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் டோரியோ. 1946-இல் பாஸ்டன் நகரில் அவருடைய நிறுவனம் தொடங்கியது. 1957-இல் கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் என்னும் இரு இளம் பொறியாளர்கள் கணினி செய்யும் திட்டத்தோடு அவரிடம் வந்தனர். அக்காலத்தில் கணினி செய்து லாபம் பார்த்தவர் அரிது. எழுத்தில் 'கணினி' என்னும் சொல்லையே தவிர்க்குமாறு அவர்களுக்கு அறிவுரை சொல்லப்பட்டதாம். டோரியோவின் நிறுவனம் 70,000 டாலர் கொடுத்து எழுபது விழுக்காட்டுப் பங்கை எடுத்துக்கொண்டது. (பாதிக்குப் பாதி என்னும் பங்கீட்டை நம் நூல்களில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சற்றுக் கடுமையாகவே படுகிறது.) அந்த இருவரும் முதலில் கணினி செய்யவில்லை. ஆய்வுக்கூடங்களுக்கு மின்சுற்றுப் பலகைகளைச் செய்து விற்று முதலாண்டிலேயே லாபம் கண்டனர். அதன் பிறகே கணினிக்கு வந்தனர். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் அந்நிறுவனத்தில் டோரியோ தரப்பின் பங்கு, 1970-களின் தொடக்கத்தில் முப்பத்தைந்து கோடி டாலரைத் தாண்டியது.

முதல்தரமான யோசனையோடு வரும் இரண்டாந்தர மனிதரைவிட, இரண்டாந்தர யோசனையோடு வரும் முதல்தரமான மனிதரே மேல் என்பது டோரியோவின் கொள்கை. அவர் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வரலாற்றைப் படித்திருக்க வாய்ப்பில்லை. நஷ்டத்தைத் தானே சுமக்கும் எவரும் இறுதியில் வந்து சேரும் இடம் அதுதான் போலும்.

இத்தொழிலில் தேர்ந்தவர்களும் சறுக்கியதுண்டு. வீட்டுக் கூடத்தில் காற்று மெத்தை விரித்து வழிப்போக்கருக்கு வாடகைக்கு விடும் யோசனையாகத் தொடங்கிய ஏர்பிஎன்பி, பலரால் மறுக்கப்பட்டது. மறுத்தவர்களுள் ஒருவரான ஃபிரெட் வில்சன், அவர்கள் அன்று செய்துகொண்டிருந்ததையே பார்த்தோம், அவர்களால் செய்ய முடிந்ததைப் பார்க்கத் தவறினோம் என்று பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். முதல் கொடுத்த பால் கிரகாமுக்கோ யோசனை பிடிக்கவில்லை. ஆனால் கையில் காசு தீர்ந்தபோது அவர்கள் தேர்தல் தலைவர்களின் படம் போட்ட உணவுப் பெட்டிகளை ஒட்டி விற்று நாள் கடத்தியதைக் கேட்டு, இவர்கள் எளிதில் சாகமாட்டார்கள் என்று முடிவு செய்தார்.

சிரிக்கத்தக்க யோசனை எல்லாம் பொன்னாகும் என்று யாரும் இதிலிருந்து எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலானவை தோற்கவே செய்கின்றன. பத்துப் பேருக்குக் கொடுத்து ஒன்பது இழப்பைத் தாங்கும் வலிமை பாஸ்டன் நிறுவனத்துக்கு இருக்கலாம். உக்கடத்துத் தாய்மாமனுக்கு இருக்கும் மருமகன் ஒருவன்தான். ஆகவே அவருக்கு டோரியோவின் துணிச்சலைவிட ஹகீம் (ரலி) அவர்களின் நிபந்தனைகள் அதிகம் பயன்படும்.

நம் சமுதாயத்தின் சோதனையோ இதற்கு நேர் எதிரான திசையிலிருந்து வந்தது. பெங்களூருவில் 2019 ஜூன் மாதம் வீழ்ந்த ஐஎம்ஏ நிறுவனத்தில் பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அதில் பணம் போட்டவர்கள் எவரும் கேலிக்குரிய யோசனையில் போடவில்லை. ஹலால் என்னும் பெயர், தங்க வணிகம், மாதந்தோறும் வரும் லாபம் என எல்லாம் நம்பத்தக்கதாகவே தோற்றமளித்தன.

நாமும் ஒருமுறை ஏமாந்தோம். அது வேறு நிறுவனம், பெயர் வேண்டாம். ஹலால் முதலீடு என்று பலகை மாட்டி, ஒரு லட்சத்துக்கு மாதம் இவ்வளவு என்று தொகை குறித்துக் கொடுத்தார்கள். மகளின் திருமணத்துக்கு வைத்திருந்த பணம். ஐந்து மாதம் வந்தது. ஆறாம் மாதம் அலுவலகம் பூட்டியிருந்தது. லாபத்தில் ஒருவருக்கு இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே வரையறுத்தால் முளாரபா செல்லாது என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடே இல்லை. இதை அதே ஆண்டு நாம் வகுப்பில் ஓதிக்கொடுத்திருக்கின்றோம். தெரிந்த சட்டத்தைத் தெரியாததுபோல் இருந்துவிட்டோம். மாதா மாதம் வரும் தொகை கண்ணை மறைத்தது.

அதே மாதங்களில்தான் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், தையல் இயந்திர மோட்டார்களைப் பழுது பார்க்கும் கடை வைக்க ஐம்பதாயிரம் கேட்டு வந்தார். பத்து வயதிலிருந்து அவரை நமக்குத் தெரியும். மதரஸாவின் மின்விசிறிகள் எல்லாம் அவர் கைபட்டே ஓடின. கடைக்கு இடமே பிடிக்காதவருக்கு எப்படிக் கொடுப்பது என்று மறுத்துவிட்டோம். இன்று அவர் துபாயில் சம்பளத்துக்கு இருக்கிறார். அந்தக் கடை ஓடியிருக்குமா என்பது அல்லாஹ்வுக்கே தெரியும். நாம் அதைப் பார்க்கவில்லை என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

ஒரு வாரம் கழித்து மாமனும் மருமகனும் மீண்டும் வந்தனர். இம்முறை நாம் இளைஞரிடம் கேட்டோம். நான்கு மாதங்களாக இரண்டு மீன் கடைகளிலிருந்து மட்டும் கழிவை எடுத்து, கரும்புக்கடையில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் பீப்பாயில் போட்டு, வெல்லம் கலந்து மூடி வைத்துப் பார்த்திருக்கிறார். முதல் இரண்டு முறை புழுத்துப் போயிற்று. மூன்றாவது சரியாக வந்தது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் மூன்று விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார். அவர்களில் ஒருவர் மறுபடி கேட்டு, விலையும் கேட்டிருக்கிறார். மாமனுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

"இத ஏன்டா மொதல்லயே சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கல மாமா. நாத்தத்தப் பத்தித்தான் கேட்டீங்க."

பெரியவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு இரண்டு லட்சத்துக்குப் பதிலாக முதலில் நாற்பதாயிரம் தருவதாகச் சொன்னார். தமக்குத்தான் ஃபஜ்ருக்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறதே, ஒரு மாதம் தாமும் மார்க்கெட்டுக்கு உடன் வருவதாகவும் சொன்னார். பொருளைச் செய்து விற்கும் தொழிலில் கிராள் செல்லுமா என்பதில் நம் ஷாஃபிஈ நூல்கள் கண்டிப்பானவை. கோதுமை வாங்கி அரைத்து ரொட்டி சுட்டு விற்பதற்குக் கொடுத்தால் செல்லாது என்று இமாம் நவவீ (ரஹ்) மின்ஹாஜில் எழுதுகிறார்கள். அவர்கள் குடும்பம் ஹனஃபி என்பதால் அம்மத்ஹபின்படி எழுத உட்கார்ந்தோம். லாபத்தில் அறுபது இளைஞருக்கு, நாற்பது மாமனுக்கு. கடனுக்குச் சரக்குக் கொடுக்கக் கூடாது. பீப்பாய்களை மழைநீர் தேங்கும் இடத்தில் வைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும்.

நான்கு நிபந்தனைகள் எழுதி முடித்தபின், தமக்கும் ஒரு நிபந்தனை உண்டு என்றார் இளைஞர்: நஷ்டமானால் கல்யாண வீடுகளில் வைத்து மாமா அதைப் பற்றிப் பேசக் கூடாது. ஃபிக்ஹு நூல்களில் இப்படியொரு ஷரத்தை நாம் கண்டதில்லை. பெரியவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். ஐந்தாவதாக அதையும் எழுதி, இருவரிடமும் கையொப்பம் வாங்கினோம்.